சுடுமணலில் நின்ற கால்

எங்கள் மகள் பிறந்தபோதே வலது கால் உட்பக்கமாக மடங்கியிருந்தது. உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. குதி மேலே ஏறிப் போயிருந்தது. தாதி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தரும்போது அந்தக் காலை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினா. "பயப்படாதேங்கோ அண்ணை, இப்ப இதுக்கெல்லாம் மாக்கட்டுப் போட்டு நிமித்தலாம்" என்றா. நான் பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். கையில் எடுத்தால் கோழிக்குஞ்சைப் பிடித்தது போல இளஞ்சூடாக இருந்தது.

முதுகின் அடியில், நாரி முடிகிற இடத்தில், இன்னொன்றும் இருந்தது. புளியங்கொட்டை அளவில் மெத்தென்று ஒரு தடிப்பு. அதற்கு மேலே கொஞ்சம் பூனைமயிர். டொக்டர் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டி போல கிடக்கு, பிறகு பாப்பம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் காலுக்கே போய்விட்டார். நாங்களும் காலுக்கே போனோம். அதன்பிறகு ஆசுப்பத்திரியில் அந்தத் தடிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. கால் எல்லாருடைய கண்ணையும் பிடித்து வைத்துக்கொண்டது.

என் மனிசியின் தமக்கை ஒருத்தி பக்கத்து வளவில் இருக்கிறா. நானும் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிறப்புத் தொடக்குக் கழிவுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அவா அந்தத் தடிப்பைக் கண்டா. "இது பிறவி மறு. ராசியான பிள்ளை. ஊர்க் கண்ணுக்குக் காட்டிப்போடாதேங்கோ" என்று சொல்லி, அரைஞாண் கயிற்றில் அம்மாள் படம் வைத்த தகடு ஒன்றைக் கோத்து, அது முதுகுப் பக்கம் தடிப்புக்கு மேலே வருகிற மாதிரிக் கட்டிவிட்டா. கயிறு இறுகினால் மாற்றுவோம். தகடு அந்த இடத்திலேயே இருந்தது.

கால் ஏன் இப்படி வந்தது என்பதற்கு எங்கள் பக்கத்தில் காரணத்துக்குக் குறைவில்லை.

"கிரகணத்தண்டு நீ குசினியில மீன் வெட்டினனி. நான் கண்டனான்" என்றா அக்கா, மனிசியைப் பார்த்து.

"வெட்டேல்லை அக்கா. கழுவினனான்."

"கழுவினாலும் கத்தி கையில இருந்ததுதானே?"

மனிசிக்கு வேறு காரணம் இருந்தது. கடைசிச் சண்டை நேரம், பள்ளிக்கூடம் போகிற வயதில், அவளுடைய இடுப்பில் ஷெல் துண்டு ஒன்று ஏறியது. எடுத்தால் ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மழைக் குளிருக்கு இப்பவும் உளையும். அந்த இரும்பின் நஞ்சுதான் வயிற்றுப் பிள்ளைக்கு இறங்கியது என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் உடம்புக்குள் இரும்போடு திரிகிற ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகள் நல்ல காலோடு ஓடித் திரியுதுகள். அதைச் சொன்னால், "என்ர துண்டு வேறை" என்பாள். கிளினிக்கில் பிள்ளையைக் காட்டப் போன இடத்தில், தனக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்டாள். எடுத்தும் பார்த்தார்கள். துண்டு இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளையின் முதுகை அல்ல, தாயின் இடுப்பைப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஆட்கள் நாங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் பின்னுக்கு நின்றுவிட்டது. தெய்வம் காரணமில்லாமல் ஒன்றும் செய்யாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். காரணத்தை அவளிடமே விட்டுவிட்டு வயலைப் பார்த்தேன்.

கட்டுப் போட வாராவாரம் முதல் பஸ்ஸில் போவோம். மனிசி மடியில் வைத்துப் பால் கொடுக்க, அவர்கள் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நனைத்த மாத்துணியைச் சுற்றுவார்கள். பிள்ளையின் உடம்பு துணிக்குள், கால் மட்டும் வெளியில். வாரத்துக்கு வாரம் கால் வெளிப்பக்கம் வந்தது. கடைசியில் குதிநரம்பில் சின்ன வெட்டு ஒன்று வைத்து, இன்னொரு கட்டுப் போட்டு, அதையும் கழற்றியபோது கால் நேராக இருந்தது. மனிசி அந்த இடத்திலேயே நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். பிறகு இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் பூட்டித் தந்தார்கள். இரவும் பகலும் போடவேண்டும், பிறகு நித்திரைக்கு மட்டும். போட்டோம். குலதெய்வத்தின் மேல் ஆணையாகப் போட்டோம்.

பிள்ளை நடக்கத் தொடங்க, கால் திரும்பவும் உள்ளே போனது.

"சப்பாத்து ஒழுங்காப் போடேல்லைப் போல" என்றார் கட்டுப் போடுகிறவர்.

"போட்டனாங்கள் ஐயா. ஒருநாளும் விடேல்லை."

"எல்லா அம்மாமாரும் இதைத்தான் சொல்லுறவை."

அவர் கெட்ட மனுசன் இல்லை. சப்பாத்தை விட்டதால் கால் திரும்புவதைத் தினமும் பார்க்கிறவர். ஆனால் மனிசி பஸ்ஸில் வரும்வழி முழுக்க யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை அவளுடைய தோட்டைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டு வந்தது.

திரும்பவும் கட்டு. அந்த முறை கட்டை வெட்டினபோது உள்ளே புண். சின்னிவிரல் பக்கம் தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது. "இவ்வளவு புண்ணுக்கும் பிள்ளை அழேல்லையா?" என்று தாதிமார் கேட்டார்கள். அழவில்லை. "பொறுமைசாலிப் பிள்ளை" என்று எல்லாரும் மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

நேசரிக்குப் போகத் தொடங்கியபின் இன்னொரு கரைச்சல். மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போகிற வயதில் இவள் நின்ற நிலையிலேயே சட்டை நனைப்பாள். கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பாள். "கள்ளி, விளையாட்டில எழும்பப் பஞ்சி" என்றா அக்கா. நான் ஏதோ பயந்திட்டாள் என்று நினைத்து, கோயிலில் நூல் ஓதி வாங்கிக் கையில் கட்டினேன். பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் போனபோது பெடியள் அவளுக்கு "பவுசர்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொண்டு வருகிற வண்டி. அவள் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அப்பா, நான் வந்தா எல்லாரும் வாளி எடுங்கோ எண்டு கத்துறாங்கள்." மனிசி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்த வருசம் வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்தோம். மனிசி கற்பூரச்சட்டி எடுப்பது, நான் உருண்டு பிரதட்டை பண்ணுவது. கால் நேராக வரவேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முந்தின இரவே போய், மரத்துக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தோம். பிள்ளைக்கு எல்லாம் புதினம். கச்சான் வாங்கித் தரச்சொல்லி ஒரு கரைச்சல், ஐஸ்பழத்துக்கு ஒரு கரைச்சல்.

"அப்பா, நீங்கள் உருண்டால் தலை சுத்தாதோ?"

"சுத்தும்."

"அப்ப என்னத்துக்கு உருளுறியள்?"

"உன்ர காலுக்கு."

"என்ர காலுக்கு என்ர தலையெல்லோ சுத்தோணும்!"

பக்கத்தில் படுத்திருந்த சனமெல்லாம் சிரித்தது.

விடிந்தபோது சனம் தலைக்குத் தலை நின்றது. என் முறை வர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பிரதட்டை பண்ணுகிற பாதையில் தண்ணீர் அடித்து நனைத்து வைத்திருந்தார்கள். அதற்கு வெளியே மணல் பொரிகடலை வறுக்கிற மாதிரி. பிள்ளையை அக்காவோடு நிழலில் விட்டுவிட்டுத்தான் நான் உருளத் தொடங்கினேன். ஒரு புரளலுக்கு மணல், மறு புரளலுக்கு வானம். மேற்கு வீதியால் திரும்பியபோது நடுவில் என் பிள்ளை தெரிந்தாள். அக்காவின் கையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஓடி வந்து, கயிறு கட்டியிருந்த தடியைப் பிடித்தபடி, நனையாத மணலில் நிற்கிறாள். வெறுங்கால்.

நல்ல காலைத் தூக்கி வைத்திருந்தாள். மடங்கின காலில் நின்றாள்.

அந்தக் காலை ஊன்றி இரண்டு நிமிசம் நிற்கமாட்டாதவள். கொக்கு மாதிரி, முழுப் பாரத்தையும் அதில் போட்டு நிற்கிறாள். முகம் சுளிக்கவில்லை. என்னைக் கண்டு சிரிக்கிறாள். பெரிய ஆம்பிளையளே துள்ளித் துள்ளி ஓடுகிற மணல். சுற்றிவர நின்ற சனம் கண்டுவிட்டது. "பிள்ளையைப் பாருங்கோ, பிள்ளையைப் பாருங்கோ." ஒரு வயதுபோன மனுசி போய் அவளுடைய நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. "அம்மாளாச்சி காலைக் குடுத்திட்டா" என்று ஆரோ சத்தம் வைத்தார்கள். அரோகரா என்று எழும்பிய சத்தத்தில் எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. ஈர மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மனிசியும் சட்டியோடு நின்று அழுதாள். அக்கா எல்லாருக்கும், "எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு நின்றா.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் கண்டோம். அவள் ஊன்றி நடக்கிற வெளிப்பக்கம் முழுவதும் ஒரே கொப்புளம். மற்றக் காலில் சின்னச் சிவப்பு, அதைத் தொட்டதற்கு "ஆ, எரியுது" என்று கத்தினாள். கொப்புளத்தைத் தொட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"நோகேல்லையா பிள்ளை?"

"இல்லை. மற்றக் கால்தான் சுட்டது. அதுதான் தூக்கினனான்."

மனிசி என்னைப் பார்த்தாள். "அம்மாள் நோவையும் தானே எடுத்திட்டா" என்றாள். நானும் ஓம் என்றேன். கற்றாழைச் சோறு வைத்து, திருநீறு போட்டுக் கட்டினோம். கொப்புளம் உடைந்து புண்ணாகி, மணக்கத் தொடங்கி, காய்ச்சலும் வந்தபிறகுதான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அன்று நின்றவர் இளம் டொக்டர். புண்ணைத் துடைக்கத் துடைக்கப் பிள்ளை பேசாமல் இருந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தது. அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்பிடிச் சுட்டது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் சொல்வது போலத்தான் சொன்னேன், கையைக் கும்பிட்டபடி. அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஊசி ஒன்றை எடுத்தார்.

"பிள்ளை, கண்ணை மூடு. நான் தொட்ட உடனை சொல்லோணும், சரியோ?"

அவளுக்கு விளையாட்டு. கண்ணை இறுக்கி மூடினாள். நல்ல காலில் தொட்டார். "ஆ! தொட்டிட்டியள்!" மடங்கின காலில் தொட்டார். பெருவிரலில், நடுவில், குதியில். ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் மாமா, இன்னும் தொடேல்லையோ?"

மனிசியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

டொக்டர் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்துச் சட்டையை உயர்த்தினார். அரைஞாண் தகட்டை ஒரு விரலால் விலக்கினார். புளியங்கொட்டை அளவில் இருந்தது இப்போது தேசிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது.

"இது எப்ப இருந்து?"

"பிறந்ததில இருந்து."

"ஒருத்தருக்கும் காட்டேல்லையா?"

"காலைத்தான் காட்டினனாங்கள்" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து எங்களுக்கு முன்னால் இருந்தார். மாடு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். "ஒரு கண்டுக்குட்டியைக் கட்டைக் கயித்தில கட்டிப்போட்டு மறந்து விட்டால் என்ன நடக்கும்? கண்டு வளரும். கயிறு வளராது." முள்ளந்தண்டுக்குள்ளே நரம்புக் கயிறு ஒன்று இருக்கிறதாம். அது அடியில் ஒட்டாமல் சும்மா தொங்கவேண்டும். எங்கள் பிள்ளைக்கு அது அந்தக் கொழுப்போடு ஒட்டிப் பிடிபட்டிருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். பிள்ளை உயர உயர அது இழுபட்டுச் சாகிறது. காலுக்குப் போகிற நரம்பு சரியாக வேலை செய்யாததால் ஒரு பக்கத்துத் தசை இழுக்க, மறுபக்கத்துத் தசை சும்மா கிடக்க, வயிற்றுக்குள்ளேயே கால் மடங்கியிருக்கலாம். நிமிர்த்தி வைத்தாலும் திரும்ப மடங்கும். சலம் போவது தெரியாமல் இருப்பதும் அதனால்தான்.

"எல்லாப் பிள்ளைக்கும் இப்பிடி இல்லை. கனபேருக்கு கால் மட்டும்தான். ஏனெண்டும் தெரியாது, கட்டும் சப்பாத்தும் காணும். கொஞ்சப் பேருக்குத்தான் வருத்தம் முதுகில இருக்கும், காலில தெரியும்."

மனிசி கேட்டாள். "என்ர இடுப்பில கிடக்கிற துண்டாலையோ டொக்டர்?"

"இல்லையம்மா. நீங்கள் பிள்ளைத்தாச்சி எண்டு உங்களுக்கே தெரியிறதுக்கு முந்தி வாற பிழை இது. அந்தத் துண்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வெளியே வந்து வாங்கில் குந்தி அவள் அழுத மாதிரி ஒரு அழுகையை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. இத்தனை வருசமும் கோபிக்க ஒரு ஷெல்லாவது இருந்தது. அடித்தவன் ஒருவன் இருந்தான். இப்போது ஒருவரும் இல்லை.

எனக்கு வேறு ஒன்று நெஞ்சில் ஏறி நின்றது. மணலில் அவள் நின்றது அருள் இல்லை, வருத்தம். நான் ஈர மண்ணில் முகத்தை வைத்து நன்றி சொன்னது என் பிள்ளையின் கால் செத்ததற்கு.

ஸ்கான் எடுக்கவும், பெரிய டொக்டரைக் காணவும் புளியங்குளத்துக்குப் போய் அங்கே நின்று கொழும்பு பஸ் பிடிப்போம். பெரிய டொக்டர் சிங்களத்தில் சொல்ல, தாதி ஒருத்தி தமிழில் சொன்னா. இளம் டொக்டர் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. வெட்டி அந்த ஒட்டை விடுவிக்கலாம். இழந்தது திரும்பி வரும் என்று நினைக்கவேண்டாம். இருக்கிறதைக் காப்பாற்றத்தான் இந்த வெட்டு. செய்யாவிட்டால் மற்றக் காலும் போகலாம். செய்யும்போது நரம்பில் பிழைத்தால் நடக்கிற பிள்ளை நடக்காமலும் போகலாம். யோசித்து வாருங்கள் என்றார்.

யோசிக்க வந்தோம். அக்கா வாசலிலேயே நின்றா.

"நடக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்கையில போடப் போறியளோ தம்பி? ஆயிரம் சனம் கண்டது. அம்மாள் தந்த காலில கத்தி வைக்கப் போறியளோ?"

"கத்தி காலில இல்லை அக்கா. முதுகில."

"எங்கை வைச்சாலென்ன, தந்தவாவை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்?"

நானும் அவவை மாதிரி நினைக்கிறவன்தான்.

மனிசி தென்னோலை ஈர்க்கு ஒன்றைச் சீவி எடுத்து வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பிள்ளையைக் கண் மூடச் சொல்லி, நல்ல காலை ஒவ்வொரு விரலாக ஈர்க்கால் குத்திப் பார்ப்பாள். பிள்ளை "நோகுதம்மா, விடுங்கோ" என்று கத்தும். கத்தக் கத்த இவளுக்கு முகம் மலரும். "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" என்று கொஞ்சிச் சீனி தொட்டு வாயில் வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு விசர் வீடு மாதிரி இருந்திருக்கும். நான் வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, என் பிள்ளைக்கு நோவைக் குடு தாயே என்று கேட்டேன். பக்கத்தில் நின்று கும்பிட்டவர்களெல்லாம் நோவை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் நல்ல காலின் பெருவிரலில் ஈர்க்கு இறங்கியது. பிள்ளை கண்ணை மூடியபடி இருந்தாள். மனிசி இன்னும் அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை.

ஈர்க்கை நிலத்தில் வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, கொழும்புக்குப் போவம்" என்றாள். அக்காவிடம் போய் நான் சொன்னேன். அவா உள்ளே போய்த் திருநீற்றுப் பையை எடுத்து வந்து தந்தா. "அங்கை டொக்டரின்ர கையிலையும் கொஞ்சம் பூசி விடுங்கோ" என்றா.

வெட்டு நடந்த நாளைப்பற்றி எழுத எனக்கு ஏலாது. காலமை உள்ளே கொண்டு போனார்கள். நான் படித்த தேவாரம் ஒன்றுக்கும் அன்று அடுத்த அடி வரவில்லை. பிறகு கனநாள் அவள் குப்புறக் கிடந்தாள். முதல்முறை இரண்டு காலையும் அசைத்தபோது மனிசி கட்டிலின் இரும்பைப் பிடித்தபடி இருந்துவிட்டாள். நடப்பாள். அது போகவில்லை. மடங்கின காலில் உணர்வு வரவில்லை. நல்ல காலின் பெருவிரல் அப்படியே கிடந்தது, விறைப்பு அதற்கு மேலே ஏறாமல் நின்றுவிட்டது. சலத்துக்கு மனிசி ஒரு நாளைக்குப் பல தடவை குழாய் வைத்து எடுக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கும் போய் வைத்துவிட்டு வருகிறாள். ஒருநாளும் வெறுங்காலில் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு குறுணிக்கல்லும் அவளுக்குப் புண்தான். சாயந்தரம் விளக்கு வைக்க முந்தி நான் அவளுடைய இரண்டு உள்ளங்காலையும் மடியில் வைத்துப் பார்க்கிறேன்.

மணலில் நின்ற கதை ஊரை விட்டுப் போகவில்லை. புதுக்குடியிருப்புச் சந்தையில் முன்பின் தெரியாத ஆட்கள், "உங்கட பிள்ளைதானே அண்டைக்கு நிண்டது?" என்று கேட்கிறார்கள். ஓம் என்கிறேன். மிச்சத்தை எப்படிச் சொல்வது? போன மாசம் ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வீடு தேடி வந்தாள். பிள்ளையின் இரண்டு காலும் உள்ளே மடங்கியிருந்தது. "உங்கட மகளின்ர கையால ஒருக்கா திருநீறு பூசிவிடச் சொல்லுங்கோ ஐயா."

"முதலிலை பிள்ளையின்ர முதுகைக் காட்டு மோனை" என்றேன்.

அவள் பயந்துபோனாள். குழந்தையின் சட்டையைத் தூக்கினேன். முதுகு கைத்தலம் மாதிரித் துப்புரவாகக் கிடந்தது. நாணல் தண்டால் உள்ளங்காலைத் தடவினேன், பிள்ளை வீரிட்டுக் கத்தியது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது கால் மட்டும்தான் போலை, டொக்டரிட்டை முதுகையும் சேர்த்துக் காட்டு, கட்டுப் போடு, சப்பாத்தை ஒருநாளும் விடாதே. மகள் திருநீறும் பூசிவிட்டாள். அவர்கள் போனபிறகு கனநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தக் குழந்தை கத்தின சத்தத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாள் மன்னிக்கவேண்டும்.

போன கிளினிக்குக்கு அந்த இளம் டொக்டரே நின்றார். நல்ல கால் எப்படி இருக்கிறது என்பதுதான் இப்போது எல்லாம். முள்ளந்தண்டில் திரும்ப ஒட்டுப் பிடித்தால் அங்கேதான் முதலில் தெரியுமாம். மகள் கட்டிலில் ஏறிச் சப்பாத்தைத் தானே கழற்றிவிட்டு, தானே கண்ணை மூடினாள். நானும் மனிசியும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். டொக்டர் ஊசியை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஆ! நோகுது" என்றாள் மகள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

"நோகுது டொக்டர் மாமா. ரெண்டு காலும் நோகுது. பெருவிரலும் நோகுது." கண்ணை மூடியபடியே முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவரும் கொஞ்சிச் சீனி தராததால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "அம்மா, சரியா நோகுது."